விபத்தில்லாத நாட்கள்

வார் நீலநிறம், பிளாஸ்டிக்.
பெட்டிக் கட்டை வெட்டியதும்
துள்ளி விழுந்து
தரையில் வளையமாகச் சுருண்டுகொள்ளும்.
ஒரு கால் அதன் நுனியை மிதிக்கும்,
மறு கால் வளையத்துக்குள் நுழையும்.
அவ்வளவுதான்.
இதைத்தான் நான் பாரத்தில்
மூன்று வரியில் எழுத வேண்டும்,
மலாயில்.

பாடாங் செராய். ராத்திரி ஷிப்ட்.
மணி மூன்று நாற்பது, ஏழாவது லைன்.
வெளியே செம்பனை மேல் மழை.
உள்ளே பீங்கான் கைகள்
விரல் கீழாகத் தொங்கியபடி
ரப்பர்ப் பால் சொட்டச் சொட்ட
வரிசையில் போய்க்கொண்டிருந்தன.
அவை எதிலும் தடுக்குவதில்லை.

வேதநாயகி விழுந்தாள்.
பெட்டியை விடவேயில்லையாம்.
ஆயிரம் கையுறை, ஸ்மால் சைஸ்.
போன வாரம் ஒரு பெட்டி நசுங்கியதற்கு
சரோஜினியை எல்லார் முன்னாலும்
நிற்கவைத்துக் கேட்டார்கள், அதனால்.
பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதற்கு அடியில் இருந்தது
வலது மணிக்கட்டு.

காரணம் என்ற இடத்தில் கட்டங்கள் உண்டு.
தரை ஈரம். காலணி. வெளிச்சம்.
கவனக்குறைவு,
அந்தக் கட்டம் மட்டும் கொஞ்சம் பெரிசு.
வாருக்குக் கட்டமில்லை.
எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆனதற்கு இல்லை.
கூட்டுகிற ரஃபீக்கை
மூன்றாம் லைனுக்கு இழுத்துக்கொண்டதற்கு இல்லை.
அதே வாரை ஒரு மணி நேரம் முன்பு
நானும் தாண்டித்தான் போனேன்,
வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவதுபோல்
காலைச் சற்றே தூக்கி.
அதற்கும் கட்டமில்லை,
நல்லவேளை.

யானைக்கும் அடி சறுக்கும் என்றார்
மேனேஜர் தயாபரன், சமாதானமாக.
சறுக்கிய யானையை
மறுநாள் ஷிப்டுக்கு வா என்று
யாரும் போன் போட்டுக் கூப்பிட்டதாகக்
கேள்விப்பட்டதில்லை.

இவளைக் கூப்பிட்டார்கள்.
கார்டு போஸ்டில் உட்கார்ந்தால் போதும்,
சாவி வாங்கிச் சாவி கொடுத்தால் போதும்,
ஒற்றைக் கை போதும்.
வீட்டில் படுத்திருந்தால் அது விபத்து.
வந்து உட்கார்ந்தால் லேசான வேலை.
கூலிம் ஆஸ்பத்திரி கொடுத்த இரண்டு வார எம்.சி.
அவள் கைப்பையில்
நான்காக மடிந்து கிடக்கிறது.
தலை பின்னத் தெரியாத மகன்
ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அனுப்பியிருக்கிறான்.

கையெழுத்து வேண்டும் என்று போய் நின்றேன்.
இடது கையால் போட்டாள்.
'வே' மட்டும் அவளுடையது போலிருந்தது.
மிச்ச எழுத்தெல்லாம்
கோட்டுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போயிற்று.
இதுக்குப் பேருதான் பாரமா என்றாள்,
தாளைத் தூக்கிப் பார்த்து.
எடையே இல்லையே.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை:
விபத்தில்லாத நாட்கள் 213.
இருநூற்றைம்பது வந்தால்
ஆளுக்கொரு குடை,
கம்பெனி பெயர் போட்டது.
காலை ஏழு மணிக்கு
எண்ணை மாற்றுவது என் வேலை.
ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.
அடியில் வைக்கும் அட்டையை
யாரோ கூட்டி அள்ளிவிட்டார்கள்.
வாரை அள்ள ஆளில்லை,
அட்டையை அள்ள இருந்திருக்கிறது.

ஏறினேன். ஆடியது.
பிறகு ஆடவில்லை.
குனிந்து பார்த்தால்,
மாவுக்கட்டுக் கை கழுத்தில் தொங்க
இடது கையால் ஸ்டூலை அழுத்திப் பிடித்தபடி
வேதநாயகி.
"பாத்துக்கா.
நீங்களும் விழுந்துட்டா
ஒங்களுக்கு யாரு எழுதுவா?"

என் கையில் ஒரு நான்கு இருந்தது.
தகரம், மழையில் நனைந்து ஜில்லென்று.
பேக்டரி பஸ் ஹாரன் அடித்தது.
மாட்டிவிட்டேன்.
இறங்கும்போது பிடித்துக்கொள்ள
அவள் தோள்தான் கிடைத்தது.